'எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா!' - தப்பு தாத்தா மேல் இல்லை... ஆப் மேல்!

ஓர் ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். உண்மை தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதையே வேலையாகச் செய்பவர்களின் கதை இது.

பல வீடுகளில் நடக்கும் காட்சிதான். கரன்ட் பில் கட்ட தாத்தா போனை எடுக்கிறார். கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டுகிறார். பாதியில் ஏதோ ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் பின்னால் போகிறார். அடித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கிறார். இந்த முறை ஓ.டி.பி வருகிறது. அதைத் தேடி எடுத்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

"குடுங்க தாத்தா..." என்று பேத்தி போனை வாங்கி, அரை நிமிடத்தில் பில்லைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்கிறார் தாத்தா.

நாற்பது வருடம் குடும்பத்தின் வரவு செலவை விரல் நுனியில் வைத்திருந்தவர் அவர். வங்கி, தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை என எல்லா இடத்துக்கும் தனியாகப் போய் வேலையை முடித்து வந்தவர். ஆறு அங்குலத் திரை ஒன்று அவரை 'தெரியாதவர்' ஆக்கிவிட்டது.

ஆனால், ஆப்களையும் இணையதளங்களையும் வடிவமைக்கும் துறையில் ஒரு பிரிவினர் இதை வேறுமாதிரி பார்க்கிறார்கள். 'ஒருவரால் பயன்படுத்த முடியவில்லை என்றால், முதலில் பொருளைச் சந்தேகப்படு. ஆளைச் சந்தேகப்படாதே' என்பதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம். அந்த வேலைக்குப் பெயர், 'யூசர் ரிசர்ச்'. தமிழில், பயனர் ஆய்வு.

மேதைகளைத் திணறவைத்த ஜெராக்ஸ் மெஷின்

இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு.

1980-களின் தொடக்கம். ஜெராக்ஸ் நிறுவனம் '8200' என்ற புதிய நகலெடுக்கும் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பச்சை பட்டனை அமுக்கினால் போதும், வேலை முடிந்துவிடும் என்பதுபோல அதன் விளம்பரம் இருந்தது. ஆனால், வாங்கியவர்களிடம் இருந்து வந்த புகாரோ, 'ரொம்பச் சிக்கலா இருக்கு' என்பதுதான்.

அந்த நிறுவனத்துக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்ட்டோ என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. இன்றைய கம்ப்யூட்டர் திரைகளில் நாம் பார்க்கும் விண்டோக்களுக்கும் ஐகான்களுக்கும் அடித்தளம் போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே வேலை பார்த்தவர் லூசி சச்மன். இவர் இன்ஜினீயர் இல்லை, மானுடவியல் படித்தவர். அதாவது, மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து கவனிக்கும் படிப்பு.

சச்மன், அந்த மெஷினை ஆராய்ச்சி மையத்திலேயே வைத்தார். அங்கு வேலை செய்பவர்களை இரண்டிரண்டு பேராக அழைத்து, நகல் எடுக்கச் சொன்னார். கேமராவை ஓடவிட்டார். ஏன் இரண்டு பேர்? தனியாக இருப்பவர் மனதுக்குள் குழம்பிக்கொள்வார். இரண்டு பேர் இருந்தால் குழப்பத்தை வாய்விட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் ஆய்வாளருக்கு வேண்டும்.

அப்படிப் பதிவான ஒரு வீடியோவில் நகலெடுக்க வந்தவர்கள், ரான் கப்லான் மற்றும் ஆலன் நியூவெல். கப்லான், கணினி மொழியியல் நிபுணர். நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டியூரிங் விருதை 1975-ல் ஹெர்பர்ட் சைமனுடன் பகிர்ந்துகொண்டவர். அப்பேர்ப்பட்ட இருவரும், தாளின் இருபக்கமும் நகல் எடுப்பதற்கு அந்த மெஷின் முன்னால் படாதபாடு பட்டார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்த பிறகு, 'பயன்படுத்துபவருக்கு அறிவு போதாது' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மெஷின் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது மனிதருக்குப் புரியவில்லை. மனிதர் என்ன நினைத்து பட்டனை அமுக்கினார் என்பது மெஷினுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியைத்தான் சச்மன் 1987-ல் தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார்.

தாத்தாவும் கரன்ட் பில் ஆப்பும் அதே கதைதான். இடையில் நாற்பது வருடம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாம்பார் எப்படி இருக்குனு கேட்காதீங்க!

'பயன்படுத்துபவரிடமே போய்க் கேட்டுவிட்டால் போச்சு. இதற்கு எதற்கு ஒரு தனித் துறை?' என்று தோன்றலாம். கேட்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். 'சாம்பார் எப்படி இருக்கு?' என்று கேட்டால், 'பிரமாதம்' என்பார். அது மரியாதை. அனுபவம் உள்ள இல்லத்தரசி அந்தப் பதிலை நம்ப மாட்டார். இலையைப் பார்ப்பார். இரண்டாவது தடவை சாம்பார் கேட்கிறாரா, ரசத்துக்குத் தாவிவிடுகிறாரா என்று கவனிப்பார். பயனர் ஆய்வாளர் செய்வதும் இதைத்தான்.

இந்த 'மரியாதைப் பொய்' எவ்வளவு பெரியது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நமக்குப் பக்கத்தில் பெங்களூரில். நிக்கோலா டெல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே 450 பேரைப் பேட்டி எடுத்து, முடிவுகளை 2012-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான இரண்டைக் காட்டி, 'இதில் எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது?' என்பதுதான் கேள்வி. அதில் ஒன்று, பேட்டி எடுப்பவரே உருவாக்கியது என்று தெரிந்தால் போதும். அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடியது. பேட்டி எடுப்பவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு ஆனது. பார்த்தவுடனே தெரியும் அளவுக்கு அதன் தரத்தைக் குறைத்துக் கொடுத்தபோதும், 'உங்களுடையதுதான் நல்லா இருக்கு' என்றே சொன்னார்கள்.

வந்தவர் மனம் கோணக் கூடாது என்ற நம் ஊர் பண்பு, ஆப் செய்பவரைத் தவறான பாதையில் அனுப்பிவிடுகிறது. அதனால்தான் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள், 'இது நான் செய்தது இல்லை. நீங்கள் திட்டினாலும் எனக்கு வருத்தம் கிடையாது' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

கேட்கும் கேள்வியிலும் கவனம் தேவை. 'இப்படி ஓர் ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்றால், பெரும்பாலும் 'ஓ... கண்டிப்பா!' என்றுதான் பதில் வரும். ஜனவரி 1-ம் தேதி 'நாளையில் இருந்து வாக்கிங் போவேன்' என்று சொல்வதைப் போன்றதுதான் அது. அதற்குப் பதில், 'கடைசியாக எப்போது பணம் அனுப்பினீர்கள்? அன்றைக்கு என்ன நடந்தது? முதலில் என்ன செய்தீர்கள்?' என்று நடந்து முடிந்ததைக் கேட்பார்கள். நாளை என்ன செய்வோம் என்பது கற்பனை. நேற்று என்ன செய்தோம் என்பது உண்மை.

கூடவே போய்ப் பார்!

கேட்பதைவிட ஒரு படி மேல், மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது. இதைக் 'கள ஆய்வு' என்கிறார்கள்.

இதற்குப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ஜான் சிப்சேஸ். நோக்கியா நிறுவனத்தில் இருந்தபோது, நாடு நாடாகப் போய், மக்கள் போனை எங்கே வைக்கிறார்கள், யாரோடு பகிர்கிறார்கள், எழுத்துத் தெரியாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றெல்லாம் கவனித்தவர். ஒரு போனை வீட்டில் பலர் பகிர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்பது நமக்குச் சாதாரண விஷயம். 'ஓர் ஆளுக்கு ஒரு போன்' என்று நினைத்து வடிவமைப்பவருக்கு அது பெரிய செய்தி. நோக்கியா 2007-ல் கொண்டுவந்த '1200' மாடலில், ஒரே போனில் ஐந்து தனித்தனி போன்புக் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது.

அதற்கு முன்பே வந்த '1100' மாடலைப் பலருக்கும் ஞாபகம் இருக்கும். கரன்ட் போனால் கைகொடுத்த டார்ச் லைட், தூசு புகாத கீபேடு... வெயிலும் புழுதியும் மின்வெட்டும் உள்ள ஊர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட போன் அது. உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேல் விற்றது.

பெங்களூரில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் மையத்தில் நடந்த இன்னோர் ஆய்வும் முக்கியமானது. இந்திராணி மேதியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006 வாக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு வேலை தேடும் கம்ப்யூட்டர் செயலியை வடிவமைத்தார்கள். அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் திரையில் எழுத்தே வேண்டாம், படமும் குரலும் போதும் என்று முடிவு செய்தார்கள்.

'படம் போட்டால் யாருக்கும் புரியும்' என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், அங்கே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெறும் பொருளை வரைந்தால், அது பொருளாக மட்டுமே புரிகிறது. 'இது ஒரு வேலை' என்று புரிவதில்லை. குழாயில் இருந்து தண்ணீர் கொட்டுவதுபோல, பாத்திரத்தில் இருந்து ஆவி வருவதுபோல வரைந்தால், 'ஓ... பாத்திரம் கழுவுறது', 'சமைக்கிறது' என்று உடனே பிடிபடுகிறது.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. எதைத் தொட வேண்டும் என்று தெரிந்த பிறகும் சில பெண்கள் தயங்கினார்கள். 'எங்கோ ஒரு வீட்டில் இருக்கிற வேலை, இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது?' என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அதற்காக ஒரு சிறு வீடியோ சேர்த்தார்கள். வேலைக்கு ஆள் தேடும் குடும்பம், வேலை தேடும் பெண், இருவரையும் இணைக்கும் கம்ப்யூட்டர் என முழுக்கதையையும் நாடகம்போலக் காட்டினார்கள். அதன் பிறகு தயக்கம் குறைந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு பட்டன் இல்லை. 'இது எதற்கு, எப்படி வேலை செய்கிறது' என்ற விளக்கம்தான். இதை அலுவலக ஏ.சி அறையில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வாய்விட்டு யோசிங்க... அஞ்சு பேர் போதும்!

இந்தத் துறையில் அதிகம் பயன்படும் முறை, 'யூசபிலிட்டி டெஸ்ட்'. பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. ஒருவரை அழைத்து, ஆப்பைக் கையில் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்வார்கள். 'உங்கள் அக்காவுக்கு 500 ரூபாய் அனுப்புங்கள்' என்பதுபோல. பிறகு, ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நபரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பார்கள். 'மனதில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.' உளவியல் துறையில் இருந்த இந்த முறையை, 1982-ல் ஐ.பி.எம் ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸ் கணினித் திரைகளைச் சோதிக்கப் பயன்படுத்தி எழுதினார். 'இதை அமுக்கினா பணம் போயிடுமோ...', 'ப்ரொசீட்னா என்னது?', 'அக்கா நம்பரை எங்க போடறது?' என்று அவர் முணுமுணுப்பதெல்லாம் ஆய்வாளருக்குத் தங்கம். தங்கம் கிடைக்கும் இடத்தில் குறுக்கே பேசக் கூடாது. 'மேல வலது பக்கம் பாருங்க' என்று ஒரு வார்த்தை உதவி செய்தால், சோதனையே வீண்.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? ஆயிரம் பேர் வேண்டும் என்றுதான் தோன்றும். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டாவர் இருவரும் 1993-ல் இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். அதை வைத்து நீல்சன் 2000-ம் ஆண்டு எழுதியது இதுதான்: ஒருவரைக் கவனித்தாலே சராசரியாக 31 சதவிகிதப் பிரச்னைகள் தெரிந்துவிடும். இரண்டாவது நபர் தடுமாறும் இடங்களில் சில, முதல் நபர் தடுமாறிய இடங்களாகவே இருக்கும். ஐந்து பேரைப் பார்த்து முடித்தால் சுமார் 85 சதவிகிதப் பிரச்னைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் பார்த்தால், பெரும்பாலும் பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

பதினைந்து பேருக்குச் செலவு செய்ய முடியும் என்றால், ஒரே நாளில் அத்தனை பேரையும் கூப்பிட வேண்டாம் என்கிறார் நீல்சன். ஐந்து பேரைப் பார்; குறைகளைச் சரிசெய். மறுபடி ஐந்து பேர், மறுபடி சரிசெய். இப்படி மூன்று சுற்று போவதுதான் லாபம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கணக்கு, ஒரே மாதிரியான பயனர்களுக்குத்தான் பொருந்தும். ஐ.டி கம்பெனி கேன்டீனில் ஐந்து இளைஞர்களைப் பிடித்துச் சோதித்துவிட்டு, 'எல்லாம் ஓகே' என்று முடித்தால் தாத்தாவின் கதி அதே கதிதான். இளைஞர், முதியவர், கடைக்காரர், பார்வைக் குறைபாடு உள்ளவர் என ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பட்டன்... 300 மில்லியன் டாலர்!

இவ்வளவு மெனக்கெட்டால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? அமெரிக்க வடிவமைப்பு நிபுணர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய சம்பவம் இதற்குப் பிரபலமான பதில். பெரிய ஷாப்பிங் இணையதளம் ஒன்று. பெயரை அவர் வெளியிடவில்லை. பொருள்களைக் கூடையில் போட்டு, வாங்கப் போகும் நேரத்தில் ஒரு திரை வரும். இமெயில், பாஸ்வேர்டு என இரண்டு கட்டங்கள். 'லாகின்', 'ரிஜிஸ்டர்' என இரண்டு பட்டன்கள்.

'ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அடுத்த முறை சுலபம். இதில் யாருக்கு என்ன கஷ்டம்?' என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். ஸ்பூலின் குழு, வாடிக்கையாளர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தது. முதல்முறை வந்தவர்கள், 'பொருள் வாங்க வந்தா, எதுக்கு என் ஜாதகத்தைக் கேக்குறாங்க?' என்கிற ரீதியில் எரிச்சலடைந்தார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த இமெயில், எந்த பாஸ்வேர்டு என்று நினைவில்லை.

பிறகு, இணையதளத்தின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 45 சதவிகித வாடிக்கையாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு உதவி கேட்டவர்கள், ஒரு நாளைக்கு 1,60,000 பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் கடைசிவரை பொருளை வாங்கவே இல்லை.

தீர்வு? 'ரிஜிஸ்டர்' பட்டனை எடுத்துவிட்டு, 'தொடரவும்' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். 'பொருள் வாங்க நீங்கள் கணக்கு தொடங்க வேண்டியதில்லை' என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவிகிதம் கூடியது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த வருமானம் 300 மில்லியன் டாலர் என்கிறார் ஸ்பூல்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு விதமான ஆய்வுகள் கைகோத்திருக்கின்றன. எண்களைப் பார்ப்பது ஒன்று. எத்தனை பேர், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அது சொல்லும். பாதிப் பேருக்கு ஒரு திரை, மீதிப் பேருக்கு வேறொரு திரை காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்க்கும் 'ஏ/பி டெஸ்ட்'டும் இந்த வகைதான். ஆனால், ஏன் போகிறார்கள் என்று எண்கள் சொல்லாது. அதற்கு ஆளைத்தான் பார்க்க வேண்டும். ஜுரம் எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் சொல்லிவிடும். என்ன சாப்பிட்டார், எங்கே போய்வந்தார் என்று டாக்டர்தானே கேட்க வேண்டும்?

'தப்பாக' பயன்படுத்திய மக்கள்... பிறந்தது எம்-பெசா!

சில நேரம் மக்கள், கொடுத்த பொருளை வேறு எதற்கோ பயன்படுத்துவார்கள். அதைத் திருத்தப் போகாமல், கவனித்தால் என்ன ஆகும்? கென்யாவில் நடந்தது அதற்கு நல்ல உதாரணம்.

2005 அக்டோபரில், வோடஃபோனும் அதன் கென்யக் கூட்டாளியான சஃபாரிகாமும் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கின. சிறுகடன் வாங்கியவர்கள், தவணையைச் செல்போன் வழியாகக் கட்டுவதுதான் திட்டம். நிக் ஹியூஸ், சூசி லோனி ஆகியோர் இதை முன்னின்று நடத்தினார்கள். சுமார் 500 பேரை மட்டும் வைத்துப் பார்த்தார்கள்.

மக்கள் தவணை கட்டினார்கள்தான். கூடவே யாரும் எதிர்பார்க்காததையும் செய்தார்கள். ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பினார். வங்கி மூடிய பிறகு, அன்றைய வசூலை இரவில் பத்திரமாக வைக்கும் பெட்டியாக வியாபாரிகள் இதைப் பயன்படுத்தினார்கள். கையில் பணத்தோடு பயணம் செய்யப் பயந்தவர்கள், கிளம்பும் ஊரில் கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

'இது கடன் தவணைக்கான சேவை, வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்' என்று அந்தக் குழு அறிவிப்பு ஒட்டவில்லை. மக்களின் உண்மையான தேவை எது என்று புரிந்துகொண்டது. 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒற்றை வாசகத்தோடு எம்-பெசா நாடு முழுவதும் வந்தது. நகரத்தில் வேலை பார்த்து, கிராமத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்புவதுதான் அவர்கள் வாழ்க்கை. ஓராண்டுக்குள் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே, பட்டன் போனில் ஒரு நாடு பணம் அனுப்பப் பழகியது.

யாரைக் கேட்காமல் விட்டோம்?

பேத்தி வீட்டில் இருந்தால் தாத்தாவுக்குப் பிரச்னை இல்லை. இல்லாதபோது? பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுக்கிறார். ஏ.டி.எம் வாசலில் முகம் தெரியாதவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும் பெரியவர்களை நாம் பார்க்கிறோம். ஓ.டி.பி-யைப் போனில் வாசித்துக் காட்டிப் பணத்தை இழந்தவர்களைப் பற்றியும் படிக்கிறோம். 'ஏமாந்துட்டாரே' என்கிறோம். தனியாகச் செய்ய முடியாதபடி ஒரு திரை இருந்தால், அது மனிதரை அடுத்தவர் தயவில் நிறுத்துகிறது. ஏமாற்றுபவருக்குக் கதவு திறப்பது அந்த இடத்தில்தான்.

பென்ஷன், ரேஷன், ஆஸ்பத்திரி டோக்கன், ரயில் டிக்கெட் என எல்லாமே திரைக்குள் போகும் காலம் இது. ஷாப்பிங் ஆப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆப்புக்கு மாறிக்கொள்ளலாம். அரசு சேவைக்கு மாற்றுக் கடை கிடையாது. பிரிட்டன் அரசு 2011-ல் தன் டிஜிட்டல் சேவைகளுக்காகத் தனி அமைப்பை உருவாக்கியபோது, அது வகுத்த வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவதாக எழுதியது இதைத்தான்: பயனரின் தேவையில் இருந்து தொடங்கு. அரசின் தேவை அதற்குப் பிறகுதான்.

நம் ஊரிலும் மாற்றங்கள் வரத்தான் செய்கின்றன. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக, பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் 'யு.பி.ஐ 123பே' வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது. பூக்கடையில் வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பூத்தொடுக்கும் அக்காவின் கை ஈரமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் போனை எடுத்து, மெசேஜைப் படித்து, பணம் வந்ததா என்று பார்க்க முடியுமா? 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழில் ஒரு குரல் சொன்னால் போதும். அவர் கை நிற்காமல் பூத்தொடுத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடைக்கும் இது உதவும்!

பயனர் ஆய்வு பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் சொந்தமானதில்லை. வாட்ஸ்அப்பில் புடவை விற்பவர்கள், ஊறுகாய்க்கு இணையதளம் வைத்திருப்பவர்கள், கல்லூரி புராஜெக்ட்டுக்கு ஆப் செய்யும் மாணவர்கள் என யாரும் ஒரு மதிய நேரத்தில் இதைச் செய்துபார்க்கலாம்.

* வாடிக்கையாளர்களைப் போன்ற ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தொழிலைப் பற்றி நன்றாகத் தெரிந்த நெருங்கிய நண்பர்கள் வேண்டாம்.

* 'நாங்கள் சோதிப்பது ஆப்பை. உங்களை இல்லை' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் அனுமதி கேளுங்கள்.

* வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். 'ஒரு கிலோ மாங்காய் ஊறுகாய் ஆர்டர் பண்ணுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* உதவி செய்யக் கை பரபரக்கும். கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எங்கே முகம் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

* முடிந்ததும் 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்தில் குழப்பமா இருந்தது?' என்று கேளுங்கள்.

* மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், அந்த இடத்தை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சரி, அந்தத் தாத்தாவுக்கு என்ன செய்வது?

அடுத்த முறை அவர் போனோடு போராடும்போது, 'குடுங்க தாத்தா' என்று வாங்கிவிடாமல், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். எந்த எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, எந்த ஆங்கில வார்த்தை புரியவில்லை, எந்த பட்டனுக்குப் பயப்படுகிறார் என்று தெரிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்குவது, மொழியைத் தமிழுக்கு மாற்றுவது எனப் பாதிப் பிரச்னையை போனின் செட்டிங்ஸிலேயே சரிசெய்துவிடலாம். மீதிப் பாதியை, ஆப்பின் கருத்துப் பகுதியில் நாலு வரி எழுதி, செய்தவர்களுக்கே அனுப்பிவைக்கலாம். எந்தத் திரையில், எதைச் செய்யும்போது தடுமாறினார் என்று குறிப்பாக எழுதினால், அவர்களுக்கு அதைவிட உதவியான கருத்து வேறில்லை.

பார்த்து முடித்ததும் தாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "உங்களுக்குத் தெரியாம இல்ல தாத்தா... இதை ஒழுங்கா செய்யல."